ஒரே ஆங்கிலச் சொல், ஸ்பானிஷில் ஐந்தாறு வினை: எதை எடுப்பது?

ஸ்பானிஷ் படிக்க ஆரம்பித்த மூன்றாவது வாரமோ நாலாவது வாரமோ, ஹோட்டலில் காபி கேட்பது போல நடித்துக் காட்டச் சொன்னார்கள். ஆங்கிலத்தில் 'ஆஸ்க்' என்றால் ஸ்பானிஷில் 'ப்ரெகுந்தார்' என்று உருப்போட்டு வைத்திருந்தேன். தைரியமாக "ப்ரெகுந்தோ உன் கஃபே" என்றேன். சொல்லிக்கொடுத்தவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சரி, காபி என்ன பதில் சொன்னது?" என்று கேட்டார்.

விஷயம் இதுதான். ஆங்கிலத்தின் 'ஆஸ்க்' ஸ்பானிஷில் இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. பதில் தெரிந்துகொள்ளக் கேட்டால் ப்ரெகுந்தார். ஒன்றைக் கொடுக்கச் சொல்லியோ செய்யச் சொல்லியோ கேட்டால் பெதிர். விலை, மணி, பெயர், வழி எல்லாம் ப்ரெகுந்தார் பக்கம். காபி, பில், அனுமதி, உதவி, மன்னிப்பு எல்லாம் பெதிர் பக்கம். தமிழில் பழகிய நமக்கு இதில் இன்னும் கொஞ்சம் கூடுதல் சிக்கல், ஏனென்றால் நம் 'கேள்' ஆங்கிலத்தை விடப் பெரிய மூட்டை: கேள்வியும் கேட்கிறோம், கடனும் கேட்கிறோம், பாட்டும் கேட்கிறோம். பாட்டுக்கு ஸ்பானிஷில் எஸ்குச்சார், காதில் தானாக விழும் சத்தத்துக்கு ஓயிர். ஆக நம்முடைய ஒரு 'கேள்', அங்கே நாலு வினை.

குழப்பம் வந்தால் நான் போட்டுப் பார்க்கும் கேள்வி ஒன்றுதான்: எதிராளி வாயைத் திறந்தால் போதுமா, கையை நீட்ட வேண்டுமா? வாய் போதும் என்றால் ப்ரெகுந்தார், கை வேண்டும் என்றால் பெதிர். ஓட்டை இல்லாத விதி என்று சொல்ல மாட்டேன். ஒருவரிடம் போன் நம்பர் கேட்கிறீர்கள். அவர் வாயால்தான் சொல்வார், ஆனாலும் அது பெதிர்தான், ஏனென்றால் நம்பரை அவர் 'தருகிறார்'. வாக்கியம் முழுசாக வந்தால் இன்னும் தெளிவு. 'வருவேனா என்று கேட்டார்' என்பது ப்ரெகுந்தார், 'வரச் சொல்லிக் கேட்டார்' என்பது பெதிர். தமிழில் வினை ஒன்றாக இருந்தாலும் அதற்கு முன்னால் நிற்கிற துண்டு நமக்குக் காட்டிக்கொடுத்துவிடுகிறது, பாருங்கள்.

அதைத்தான் இங்கே சொல்ல வருகிறேன். நம்மில் பெரும்பாலோர் ஸ்பானிஷை ஆங்கிலப் புத்தகம், ஆங்கில ஆப் வழியாகத்தான் படிக்கிறோம். அதனால் ஆங்கிலம் எங்கெல்லாம் இரண்டு மூன்று விஷயங்களை ஒரே சொல்லில் அடைத்து வைத்திருக்கிறதோ அங்கெல்லாம் ஆங்கிலேயர் இடறுவது போலவே நாமும் இடறுகிறோம். இது தேவையே இல்லாத இடறல், பல இடங்களில் ஸ்பானிஷ் பிரிப்பதைத் தமிழும் ஏற்கெனவே பிரித்து வைத்திருக்கிறது. நடுவில் நிற்கிற ஆங்கிலச் சொல்லைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு, 'இதை நான் வீட்டில் எப்படிச் சொல்வேன்' என்று யோசித்தால் பாதி வேலை முடிந்தது.

(உச்சரிப்பு பற்றி ஒரு வார்த்தை. ஸ்பானிஷ் சொற்களை இங்கே தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன். அவர்களுடைய வல்லின 'த'வும் மெல்லொலி 'த'வும் நம்முடைய ஒரே 'த'வில் அடங்கிவிடும், எனவே சரியான எழுத்துக்கூட்டலை அகராதியில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.)

சுலபமானவற்றை முதலில் முடித்துவிடலாம். ஆங்கிலத்தில் பந்தையும் 'ப்ளே' பண்ணுவார்கள், கிதாரையும் 'ப்ளே' பண்ணுவார்கள். நாம் கிதாரை விளையாடுவதில்லை, வாசிக்கிறோம். ஸ்பானிஷிலும் விளையாட்டுக்கு ஹுகார், வாத்தியத்துக்குத் தொக்கார். 'ரிட்டர்ன்' என்ற ஒரே சொல்லுக்கு நம்மிடம் திரும்பி வருவதும் திருப்பிக் கொடுப்பதும் வேறு வேறு. அங்கே வோல்வேர், தெவோல்வேர். பணத்தையும் நேரத்தையும் ஆங்கிலத்தில் 'ஸ்பெண்ட்' பண்ணுகிறார்கள், நாம் பணத்தைச் செலவழிக்கிறோம், பொழுதைக் கழிக்கிறோம். அங்கே கஸ்தார், பசார். 'சேவ்' என்பது உயிரைக் காப்பாற்றினால் சல்வார், பணத்தைச் சேமித்தால் அஓரார், ஃபைலையோ பண்டத்தையோ எடுத்து வைத்தால் குவார்தார். ரயிலை 'மிஸ்' பண்ணினால் பெர்தேர், வகுப்புக்கு மட்டம் போட்டால் ஃபல்தார், ஊரில் இருக்கும் அம்மாவை மனசு தேடினால் லத்தீன் அமெரிக்காவில் எக்ஸ்த்ரன்யார், ஸ்பெயினில் பெரும்பாலும் எச்சார் தே மேனோஸ். இவற்றில் எதற்கும் இலக்கண விளக்கமே வேண்டாம். தமிழில் சொல்லிப் பார்த்தால் பிரிவு தானாகத் தெரியும்.

அடுத்து தெரிவது. இதற்கு ஸ்பானிஷில் சபேர், கொனோசேர் என்று இரண்டு. தகவல் தெரிந்தால் சபேர். ஆளோ ஊரோ பழக்கமானால் கொனோசேர். மத்ரித் எங்கே இருக்கிறது என்று தெரியும் என்பது சபேர். மத்ரித் தெரியும், போயிருக்கிறேன், சுற்றிப் பார்த்திருக்கிறேன் என்பது கொனோசேர். தமிழில் எல்லாவற்றுக்கும் 'தெரியும்' போட்டுவிடுகிறோம் என்பதால் இங்கே நம் மொழி நேரடியாக உதவாது, ஆனால் 'அறிமுகம்', 'பழக்கம்' என்ற சொற்களை அந்த இடத்தில் வைத்துப் பார்க்கலாம். 'அவர் எனக்குப் பழக்கம்' என்று மாற்ற முடிந்தால் கொனோசேர். 'அவர் போன் நம்பர் எனக்குப் பழக்கம்' என்று யாரும் சொல்வதில்லை, எனவே அது சபேர். பாட்டு தெரியும் என்பதில் மட்டும் இரண்டும் வரும்: வரிகள் மனப்பாடம் என்றால் சபேர், எங்கேயோ கேட்ட பாட்டு என்றால் கொனோசேர்.

நீச்சல், சமையல், கார் ஓட்டுவது மாதிரியான திறமைகளை ஆங்கிலத்தில் 'கேன்' போட்டுச் சொல்வார்கள். அதை அப்படியே ஸ்பானிஷுக்குக் கொண்டுபோய் 'முடியும்' என்று பொருள்படும் பொதேர் வினையைப் போட்டால், இன்றைக்கு ஜலதோஷம் இல்லை, அதனால் நீந்த முடியும் என்கிற மாதிரி ஆகிவிடும். கற்றுக்கொண்ட திறமைக்கு அவர்கள் சபேர்தான் போடுகிறார்கள்: 'சே நதார்', அதாவது எனக்கு நீந்தத் தெரியும். தமிழில் நாம் சொல்வதும் அதேதான்! ஆங்கிலம் படிக்காத ஒரு பாட்டிக்கு இதைச் சொல்லிக்கொடுத்தால் 'இதிலென்ன புதுசு' என்பார்.

சபேர், கொனோசேர் இரண்டும் முடிந்துபோன இறந்தகாலத்தில் கொஞ்சம் நிறம் மாறும். 'சுப்பே' என்றால் எனக்குத் தெரிந்திருந்தது அல்ல, தெரியவந்தது. 'கொனோசி' என்றால் முதன்முதலாகச் சந்தித்தேன், அறிமுகமானேன். தொடர்ந்து தெரிந்திருந்த நிலையைச் சொல்ல வேறு இறந்தகால வடிவம் இருக்கிறது, சபியா, கொனோசியா என்று. தெரிந்திருந்தது, தெரியவந்தது என்ற நம் ஜோடியை மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

சரி, இப்போது எல்லோரையும் அழவைக்கும் இடத்துக்கு வருவோம். செர், எஸ்தார். ஆங்கிலத்தில் 'ஈஸ்' என்ற ஒன்று செய்யும் வேலையை ஸ்பானிஷில் இவை இரண்டும் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஆங்கிலப் புத்தகங்கள் முதல் பக்கத்தில் சொல்லும் விதி: நிரந்தரம் என்றால் செர், தற்காலிகம் என்றால் எஸ்தார். எனக்கு இந்த விதி மேல் கோபமே உண்டு. மத்ரித் ஸ்பெயினில் இருக்கிறது. நாளைக்கு எழுந்து வேறெங்கும் போய்விடாது. ஆனாலும் அதற்கு எஸ்தார். ஒருவர் இறந்துவிட்டார், அதை விட நிரந்தரம் என்ன இருக்கிறது, அதற்கும் எஸ்தார், 'எஸ்தா முவெர்த்தோ'. மாறாக மணி மூன்று என்பது அறுபது நிமிஷம்கூட நிற்காது, அதற்கு செர். நான் மாணவன் என்பது மூன்று வருஷப் படிப்பு, அதற்கும் செர்.

மேலே உள்ள நாலையும் தமிழில் இன்னொரு தடவை படியுங்கள். 'மத்ரித் ஸ்பெயினில் இருக்கிறது.' 'மணி மூன்று.' 'நான் மாணவன்.' வினையே இல்லாமல் நாம் முடித்துவிடுகிற வாக்கியங்களுக்கு அங்கே செர் வருகிறது. 'இரு' போடும் இடத்தில் எஸ்தார் வருகிறது. இறந்தவரைப் பற்றிச் சொல்லும்போதும் 'இறந்துகிடக்கிறார்', 'இறந்துபோயிருக்கிறார்' என்று ஒரு நிலையைத்தான் சொல்கிறோம். இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. ஒருநாள் பஸ்ஸில் போகும்போது தானாக உறைத்தது. பிறகு ஒரு மாதம் எந்த வாக்கியம் கிடைத்தாலும் இப்படிப் பரிசோதித்துக்கொண்டே திரிந்தேன்.

இரண்டு வினையோடும் சேர்ந்து பொருள் மாறும் சொற்களை எடுத்துப் பார்த்தால் இன்னும் அழகு. லிஸ்தோ என்ற சொல்லை செர் வினையோடு சொன்னால் 'அவன் புத்திசாலி'. எஸ்தார் வினையோடு சொன்னால் 'அவன் தயாராக இருக்கிறான்'. ரிக்கோ: செர் போட்டால் 'அவன் பணக்காரன்', எஸ்தார் போட்டால் 'சாப்பாடு ருசியாக இருக்கிறது'. வெர்தே: செர் போட்டால் நிறம் பச்சை, எஸ்தார் போட்டால் பழம் இன்னும் காயாக இருக்கிறது. அபுர்ரிதோ: செர் போட்டால் 'அவன் ஒரு அறுவை', எஸ்தார் போட்டால் அவனுக்கே போரடித்துப்போய் இருக்கிறது. முதல் வகையில் ஒன்றில்கூடத் தமிழில் வினை இல்லை. நிகழ்ச்சி நடக்கும் இடத்துக்கு மட்டும் எஸ்தார் வராமல் செர் வரும் என்று புத்தகத்தில் ஒரு விதிவிலக்கு போட்டிருப்பார்கள், 'விருந்து என் வீட்டில்' என்பது போல. கல்யாணப் பத்திரிகை வந்தால் நாமும் 'கல்யாணம் மதுரையில்' என்றுதானே சொல்கிறோம்?

ஓட்டை எங்கே என்றால், பண்புச் சொற்களில். 'வீடு பெரிதாக இருக்கிறது' என்று நாம் 'இரு' போட்டுச் சொல்லலாம். ஸ்பானிஷில் அது செர். இந்த இடத்தில் வாக்கியத்தை வினையில்லாமல் மாற்றிப் பாருங்கள். 'வீடு பெரியது' என்பதும் அதே அர்த்தத்தைத் தருகிறது, எனவே செர். 'சூப் சூடாக இருக்கிறது' என்பதை 'சூப் சூடானது' என்று மாற்றினால் இடிக்கிறது, எனவே எஸ்தார். 'அவர் இளையவர்' என்றால் வயது குறைவு, செர்; 'இன்னிக்கு இளமையா இருக்கீங்களே' என்று அத்தையைக் கிண்டல் பண்ணினால் எஸ்தார். இந்தச் சோதனையும் எல்லா இடத்திலும் வெல்லாது: கல்யாணமானவர் என்பதற்கு பெரும்பாலும் எஸ்தார்தான் போடுகிறார்கள். அந்த மாதிரி சிலவற்றைத் தனியாக மனப்பாடம் பண்ண வேண்டியதுதான், வேறு வழியில்லை. வேர்ச்சொல் ஆர்வம் உள்ளவர்களுக்கு: எஸ்தார் லத்தீனில் நிற்பதைக் குறிக்கும் ஸ்தாரே வினையிலிருந்து வந்தது. எங்கே நிற்கிறது, எப்படி நிற்கிறது என்று நினைத்துக்கொண்டால் இடத்துக்கும் நிலைக்கும் அது ஏன் வருகிறது என்பது விளங்கும்.

ஆங்கில 'ஈஸ்' இதோடு விடவில்லை, இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள். 'தெருமுனையில் ஒரு பேங்க் இருக்கிறது' என்று புதிதாக ஒன்று உண்டு என்பதைச் சொன்னால் 'ஆய்' என்று ஒரு சின்னச் சொல். 'அந்த பேங்க் தெருமுனையில் இருக்கிறது' என்று இரண்டு பேருக்கும் தெரிந்த ஒன்றின் இடத்தைச் சொன்னால் எஸ்தார். நாம் இந்த வித்தியாசத்தைச் சொல் வரிசையை மாற்றிக் காட்டுகிறோம், அவர்கள் வினையை மாற்றிக் காட்டுகிறார்கள், அவ்வளவுதான்.

அப்புறம் தெனேர், அதாவது 'வைத்திருப்பது'. எனக்குப் பசி, எனக்குத் தாகம், எனக்குத் தூக்கம் வருகிறது, எனக்கு பயம், எனக்கு முப்பது வயது, எனக்கு இரண்டு பிள்ளைகள்: இத்தனைக்கும் ஸ்பானிஷில் தெனேர். ஆங்கிலத்தில் பசியும் வயதும் 'ஆம்' போட்டு வருவதால், ஆங்கில வழியில் போகிறவர்கள் செர் போடுவதா எஸ்தார் போடுவதா என்று மண்டையை உடைத்துக்கொள்வார்கள். வெயிலில் வேர்க்கிறது என்று சொல்ல 'தெங்கோ கலோர்' என்று சொல்ல வேண்டும். அதை ஆங்கிலத்திலிருந்து வார்த்தைக்கு வார்த்தை மாற்றி 'எஸ்தோய் கலியெந்தே' என்று சொன்னால் வேறு மாதிரியான சூட்டைக் குறிக்கும், சபையில் சொல்லிவிட்டு முழிக்காதீர்கள்.

'எனக்கு' என்று ஆரம்பிக்கும் வாக்கியங்களில் நமக்கு இன்னொரு லாபம் உண்டு. 'ஐ லைக் காபி' என்று பழகியவர்களுக்கு 'மே குஸ்தா எல் கஃபே' தலைகீழாகத் தெரியும், ஏனென்றால் அங்கே எழுவாய் காபி. நான் வெறும் 'எனக்கு'. நமக்கு இது 'எனக்குக் காபி பிடிக்கும்'. தலைவலியும் அப்படியே: 'மே துவெலே லா கபேசா', எனக்குத் தலை வலிக்கிறது. ஒரு எச்சரிக்கை, ஆளைப் பற்றிச் சொல்லும்போது குஸ்தார் பெரும்பாலும் காதல் பக்கம் சாயும். பக்கத்து வீட்டுக்காரரைப் பிடிக்கும் என்று சாதாரணமாகச் சொல்ல 'மே கயே பியென்' என்று தனியாக ஒன்று வைத்திருக்கிறார்கள்.

அடுத்தது 'டேக்'. ஆங்கிலத்தில் இதற்கு எல்லையே கிடையாது. பஸ் பிடிப்பது, மாத்திரை போடுவது, முடிவெடுப்பது, காபி குடிப்பது எல்லாவற்றுக்கும் ஸ்பானிஷில் தொமார் போதும், பரவாயில்லை. ஆனால் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனால் யெவார். குப்பையை வெளியே எடுத்துப் போட்டால் சக்கார். செருப்பைக் கழற்றினால் கித்தார்சே. (கித்தார் வினைக்கும் வாத்தியத்துக்கும் சம்பந்தம் இல்லை, வாத்தியம் கிதார்ரா.) ஒரு மணி நேரம் பிடிக்கும் என்றால் தர்தார். படம் எடுப்பதற்கு தொமார், சக்கார் இரண்டும் கேட்கலாம். பரீட்சை எழுதுவதோ ஸ்பெயினில் ஒரு வினை, மெக்சிகோவில் வேறு வினை. கொஹேர் என்று ஒன்று உண்டு, ஸ்பெயினில் பஸ் பிடிக்கவும் பொருளை எடுக்கவும் சர்வ சாதாரணமாகச் சொல்வார்கள். அதையே மெக்சிகோவிலோ அர்ஜென்டினாவிலோ சொன்னால் கெட்ட வார்த்தை. ஸ்பானிஷ் 20 நாடுகளில் ஆட்சிமொழி, எனவே 'சரியான வினை எது' என்று கேட்கும்போது 'எந்த நாட்டில்' என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டியிருக்கிறது. சந்தேகம் வந்தால் தொமார் போடுங்கள், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

'ஆவது' என்பதற்கு எத்தனை வினை என்று எண்ணினால் ஆரம்பநிலையில் இருப்பவர்கள் ஓடிவிடுவார்கள், எனவே சுருக்கமாகவே சொல்கிறேன். முகம் சிவந்தது, கோபமானான் மாதிரி சட்டென்று வந்து போகும் மாற்றத்துக்குப் போனேர்சே. டாக்டரானார், பௌத்தரானார் என்று தானே முயன்று ஆனதற்கு அசேர்சே. பைத்தியமானான் என்பதற்கு வோல்வேர்சே. ஏதோ நடந்து அதன் விளைவாகக் கண் போய்விட்டது, தனியாளாகிவிட்டார் என்றால் கெதார்சே. இப்போதைக்கு முதல் இரண்டை வைத்து ஓட்டுங்கள். மற்றவை படிக்கப் படிக்கத் தானாக ஒட்டிக்கொள்ளும்.

அகராதி பார்க்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலச் சொல்லைப் போட்டுத் தேடி, வரும் பட்டியலில் முதலாவதை எடுத்துக்கொண்டு ஓடுவதுதான் என் காபிக் கதைக்குக் காரணம். பட்டியலில் ஒவ்வொரு வினைக்கும் பக்கத்தில் 'வாத்தியம்', 'பணம்', 'உடை' என்று சின்னக் குறிப்பு இருக்கும், அதைப் படிக்காமல் விடாதீர்கள். பிறகு தேர்ந்தெடுத்த வினையைத் திருப்பிப் போட்டுத் தேடுங்கள், ஸ்பானிஷிலிருந்து ஆங்கிலத்துக்கு. நீங்கள் நினைத்த அர்த்தம் திரும்பி வராவிட்டால் தப்பானதை எடுத்துவிட்டீர்கள். மொழிபெயர்ப்பு ஆப்பில் போடுவதாக இருந்தால் தனிச் சொல்லைப் போடாமல் முழு வாக்கியத்தைப் போடுங்கள். கொஞ்சம் தேறிய பிறகு, மத்ரித்தில் 1713-இல் தொடங்கிய ஸ்பானிஷ் அகாடமியின் அகராதி இணையத்தில் இலவசமாகவே இருக்கிறது, அதில் ஸ்பானிஷ் விளக்கத்தையே படிக்கலாம். முதலில் பல்லை உடைக்கும், போகப் போகப் பழகிவிடும். நோட்டில் எழுதும்போது 'சக்கார்: எடு' என்று எழுதாதீர்கள். 'சக்கார் லா பசூரா: குப்பையை வெளியே எடுத்துப்போடு' என்று பெயர்ச்சொல்லோடு சேர்த்து எழுதுங்கள்.

தமிழை நம்பியும் ஒரு இடத்தில் ஏமாந்திருக்கிறேன், அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. ஸ்பானிஷ் பேசும் நண்பர் ஒருவர் வீட்டில் தங்கியிருந்தபோது கீழேயிருந்து சாப்பிடக் கூப்பிட்டார்கள். 'இதோ வரேன்' என்று நினைத்து, வருவதற்கான வெனிர் வினையைப் போட்டு "யா வெங்கோ" என்று கத்தினேன். இந்த ஒரு இடத்தில் ஆங்கிலமும் தமிழும் ஒரே கட்சி, கேட்பவர் இருக்கும் இடத்தை மனதில் வைத்து 'வருகிறேன்' என்கிறோம். ஸ்பானிஷில் பேசுபவர் நிற்கும் இடம்தான் கணக்கு. நான் மாடியில் இருக்கிறேன், அங்கிருந்து கிளம்பி வேறெங்கோ போகிறேன், எனவே போவதற்கான வினை: 'யா வோய்'. போனில் 'வரும்போது பழம் கொண்டுவரேன்' என்று சொல்வதற்கும் இதே கதைதான், கொண்டு வருவதற்கான த்ராயேர் கூடாது, கொண்டு போவதற்கான யெவார் வேண்டும். கீழே இருந்தவர்களோ, நான் எங்கேயோ வெளியே போய்விட்டுத் திரும்பி வரப்போகிறேன் என்று எடுத்துக்கொண்டு, எனக்காகக் காத்திராமல் சாப்பிட உட்கார்ந்துவிட்டார்கள்.